மருந்தடி நாளில் வெளியே வைத்த சாமான்கள்

"காட்டுக்குள்ள நீர் நிண்டு கூப்பிட்டா எந்தச் சனம், பிள்ளை, வெளியில வரும்?"

சுகாதாரத் திணைக்களத்தின் மலேரியாப் பகுதி வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் தலைமை எழுதுவினைஞர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டாரே தவிர, பதிலை என்னிடம் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். என் தகப்பனார் மாங்குளத்தில் தண்டவாளம் திருத்தும் கூலிக்காரர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். வாய் பொத்திக்கொண்டு நிற்பதற்காக நான் படிக்கவில்லை. "அவை வராட்டில் நான் உள்ளுக்குப் போவன், ஐயா" என்றேன். வேலை கிடைத்தது.

இப்போது முப்பது வயதில் நான் பென்சன்காரி. சிங்களச் சோதனை எழுதாத அரசாங்க உத்தியோகத்தர் விரும்பினால் ஓய்வு பெறலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நான் விரும்பினேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகள் பிரியாவிடைத் தேநீரின்போது, "அக்கா, எங்களை விட நீங்கள்தானே நல்லாய்ச் சிங்களம் கதைப்பீங்கள், ஏன் சோதினைக்குப் போகேல்லை?" என்று கேட்டார்கள். அங்கே வைத்து நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் சில மாதங்கள். விரல் நுனியெல்லாம் நீலச்சாயம். என் வன்னிப் பேச்சைக் கேட்டு விடுதிப் பெண்கள் சிரித்தார்கள். நான் அவர்களை விடக் கூடப் புள்ளி எடுத்தேன்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடக்கை மோதிரவிரலைப் பஞ்சால் துடைத்து ஊசியால் குத்துவோம். முதல் துளியைத் துடைத்து எறிந்துவிட வேண்டும். இரண்டாவது துளியைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி, இன்னொரு துண்டின் மூலையால் வட்டமாகப் பரப்ப வேண்டும். அது காயும்வரை இலையான் மொய்க்காமல் பார்க்க வேண்டும். பிறகு சாயம் ஊற்றி நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தால், காய்ச்சல்காரரின் இரத்தத்தில் நீலநிறச் சின்ன மோதிரங்கள் தெரியும். ஒரு மோதிரம் கண்டாலும் மருந்து போகும். காணாவிட்டால் காணவில்லை என்று எழுதவேண்டும்.

எங்கள் பிராந்திய டொக்டர் யாழ்ப்பாணத்தார். மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை, தாழ்ந்த குரல். யாரையும் ஏசி நான் கண்டதில்லை. நான் பார்த்து முடித்த கண்ணாடித் துண்டைச் சத்தமில்லாமல் எடுத்துத் தானும் பார்ப்பார். சரி என்றோ பிழை என்றோ சொல்லமாட்டார். பிழையென்றால், "திரும்பப் பாரும்" என்பார். சரியென்றால் எழும்பிப் போய்விடுவார். "கண்டதைச் சொல்லும், நினைச்சதைச் சொல்லாதேயும்" என்பது அவருடைய ஒரே போதனை. இப்படியொரு மனிதருக்குக் கீழே வேலை செய்கிறேன் என்று நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை பொய்யென்று இன்றும் சொல்லமாட்டேன்.

இரத்தம் எடுப்பது பாதி வேலை. மற்றப் பாதி மருந்தடி. வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிப்பதென்றால் வீட்டுக்குள் ஒரு சாமானும் இருக்கக்கூடாது. அரிசிப் பெட்டி, பானை சட்டி, பாய், சாமிப்படம், உலக்கை, கோடரி, மண்வெட்டி எல்லாம் முற்றத்துக்கு வரவேண்டும். சனத்துக்கு முதலில் இது பெரிய வெட்கமாக இருந்தது. தங்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஊருக்குக் காட்டுவதல்லவா? ஒரு வீட்டில் கிழிந்த பாய் ஒன்றையும் இரண்டு சட்டிகளையும் வெளியே வைத்துவிட்டு அந்த மனுசி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றா. அடுத்த முறை நான் போய் எல்லா வீட்டுச் சாமான்களையும் ஓலையால் மூடச் சொன்னேன். அதற்குப் பிறகு வெட்கம் குறைந்தது.

இலுப்பைமுறிப்பு மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் வீதியில் இருந்த ஒரு குடியேற்றக் கிராமம். குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெல் விதைத்த சனம். அங்கே ஒரு மருந்தடி நாளில், முற்றத்தில் கிடந்த கத்தியை ஒரு குழந்தை மிதித்துவிட்டது. அதனால் நான் ஓர் ஒழுங்கு வைத்தேன். குளக்கட்டு முடக்கில் எங்கள் லொறி நீளமாக ஹோர்ன் அடிக்கும். கேட்டவுடன் ஆம்பிளைகள் முதலில் வெட்டும் சாமான்களை எடுக்கவேண்டும். கோடரி, கத்தி, மண்வெட்டி, அலவாங்கு எல்லாவற்றையும் பிள்ளைகளின் காலில் படாமல் றோட்டோரப் பாலைமரத்தடியில் கொண்டுபோய் வைக்கவேண்டும். மிச்சச் சாமான்கள் அதற்குப் பிறகு. சனம் இதை ஒரு போட்டியாகவே ஆக்கிவிட்டது. எந்த வீடு முதலில் வெறுமையாகிறது என்று பார்ப்பார்கள்.

அநேகமாகச் செல்வராசாவின் வீடுதான் முந்தும். நீளக் கால்களும் ஓயாத வாயும் உள்ள மனிதன். ஒருமுறை தன் மனைவி பாக்கியத்தைக் காட்டி என்னிடம், "மிஸி, இவாவையும் வெளியில வைச்சு அடியுங்கோ, வாய் கொஞ்சம் அடங்கட்டும்" என்றார். பாக்கியம் உலக்கையைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே சொன்னா: "முதல்ல இந்தாளுக்கு அடியுங்கோ மிஸி. நுளம்பை விட இவற்ர கடிதான் கூட."

அந்தக் கிராமத்தில் குழந்தைகள் காய்ச்சலில் சாவது நின்றுபோயிருந்தது. தலைமை எழுதுவினைஞரை ஒருநாள் கூட்டிக்கொண்டுவந்து காட்டவேண்டும் என்று நினைப்பேன். நான் கூப்பிட்டேன், சனம் ஓடிவந்தது.

அவசரகாலச் சட்டம் வந்த வருடம் அது. சிங்களம் மட்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, கச்சேரி என்னும் அரசாங்க அலுவலக வாசல்களில் சனம் இருந்து மறியல் செய்ததும் வடக்கே படையை அனுப்பினார்கள். கண்டி வீதியில் தடைகள் போட்டார்கள். இலுப்பைமுறிப்புக்கு மருந்தடிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்த நாளில், எங்கள் லொறியை மாங்குளத்தில் மறித்துவிட்டார்கள். மருந்துப் பீப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கித் திறக்கச் சொன்னார்கள். எங்கள் சாரதி பியசேன காலியூர்ச் சிங்களவர். அவர் பணிவாகவும் பிறகு கோபமாகவும் விளக்கிப் பார்த்தார். மத்தியானம்வரை விடவில்லை. நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது சிப்பாய்கள் ஏறிய லொறியொன்று எங்களைக் கடந்து உள்வீதியில் திரும்பியது. நான் அதைக் கண்டேன். அதில் விசேடமாக ஒன்றையும் நினைக்கவில்லை.

பிறகு நடந்ததை நான் காணவில்லை. பாக்கியம் சொன்னா. மற்றவர்களும் தனித்தனியாக அதையே சொன்னார்கள்.

குளக்கட்டு முடக்கில் எருமைகள் படுத்திருந்திருக்கின்றன. படைலொறியின் சாரதி அவற்றை எழுப்ப நீளமாக ஹோர்ன் அடித்தான். மருந்தடி நாள். மிஸி வந்துவிட்டா என்று சனம் நினைத்தது. எருமைகள் விலகுவதற்குள் பெண்கள் பானை பாய்களை முற்றத்தில் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு ஆம்பிளைகள் கோடரியும் கத்தியும் மண்வெட்டியுமாகப் பாலைமரத்தடிக்கு ஓடிவந்தார்கள். லொறியிலிருந்து சுட்டார்கள். மூன்று பேர் அந்த இடத்திலேயே விழுந்தார்கள்.

இதுவரை நடந்ததைப் பயம் என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அது அதோடு முடியவில்லை. சனம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கையை உயர்த்தியது. சிப்பாய்கள் இறங்கினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் வாய்க்காலுக்குள் துரத்தினார்கள். அகப்பட்ட ஆம்பிளைகளைக் குளக்கட்டில் வரிசையாக இருத்தி, கைகளைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். செல்வராசா கோடரியை மரத்தடியில் வைத்துவிட்டு அரிசிப் பெட்டியைத் தூக்கத் திரும்பிப் போனபோது பிடிபட்டவர். லொறிக்குப் பக்கத்தில் நின்ற அதிகாரி ஏதோ சொன்னான். இருந்தவர்களை இருந்தபடியே சுட்டார்கள். பிறகு கிடுகுக் கூரைகளுக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடுகள் இல்லை. சாமான்கள் இருந்தன. இந்த ஒரு காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. கரிந்த சுவர்களுக்கு முன்னால், ஒவ்வொரு முற்றத்திலும், பெண்கள் எடுத்துவைத்த பானைகளும் பாய்களும் சாமிப்படங்களும் நான் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக இருந்தன. சில வீடுகளில் ஓலையால் மூடியும் இருந்தது.

பியசேன லொறியை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார். பிறகு தானாகவே பின்னுக்குப் போய் மருந்துப் பீப்பாக்களை ஒவ்வொன்றாக நிலத்தில் உருட்டிவிட்டார். லொறியில் பீப்பாக்கள் இருந்த இடத்தில் காயப்பட்டவர்களைக் கிடத்தினோம். கிளம்பும்போது அவர் சிங்களத்தில், யாருக்கென்றில்லாமல், "இதைச் செய்தவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளா?" என்றார். அதன்பிறகு நான் வேலையில் இருந்தவரை அவர் எந்த ஊரிலும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஊருக்கு வெளியே லொறியை நிறுத்தி, நடந்துபோய் வாசலில் நின்று கூப்பிடுவார்.

பிணங்களைப் படையினரே அடுத்த நாள் எரித்தார்கள். அவசரகாலத்தில் மரண விசாரணை தேவையில்லையாம். ஆயுதம் தாங்கிய கலகக் கூட்டம் படைவண்டியைச் சூழ்ந்து தாக்க முயன்றது என்று அறிவித்தார்கள். செத்தவர்கள் எல்லோரும் கலகக்காரர்.

பாக்கியத்தை நான் மாங்குளம் ஆஸ்பத்திரியில் கண்டேன். நெருப்புப் பட்ட மகளோடு நிலத்தில் இருந்தா. அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா:

"மிஸி, அவர் கோடரி தூக்கினது கவுண்மேந்து சொன்னதால எண்டு கவுண்மேந்து ஆள் ஒராள் சொல்லோணும். நாங்கள் சொன்னா ஆர் கேக்கிறது? நீங்கள் சொல்லுங்கோ. அவரைக் கலகக்காரன் எண்டு வைச்சு எரிச்சுப்போட்டாங்கள்."

அவ கேட்டது அவ்வளவுதான். தண்டனை கேட்கவில்லை, நட்டஈடு கேட்கவில்லை. சொல்கிறேன் என்றேன்.

படை ஒரு விசாரணை வைப்பதாக அறிவித்தது. அதில் அரசாங்க உத்தியோகத்தர் சாட்சி சொல்வதற்கு மேலதிகாரியின் உத்தரவு வேண்டும். டொக்டரிடம் போனேன். "நீர் அங்க நிக்கேல்லை. சுட்டதைக் காணேல்லை" என்றார். "மருந்தடி ஒழுங்கை வைச்சவள் நான், சேர். அது எனக்குத் தெரிஞ்ச விசயம்" என்றேன். உத்தரவு தந்தார். தன்னுடைய காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரேயொரு புத்தி சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். கூடக் குறையச் சொன்னா உம்மட சாட்சியைக் குழப்பிப் போடுவினம்."

படை தன்னைத் தானே விசாரித்த விசாரணை அது. பயணிகள் தங்கும் ஒரு வாடிவீட்டில் நடந்தது. கிராமத்துச் சனத்தில் ஒருவரையும் அழைக்கவில்லை. விசாரித்த அதிகாரி மரியாதையான மனிதர். எழுந்து கதிரையை இழுத்துத் தந்தார். தேநீர் தரச்சொன்னார். நான் இங்கிலீசில் பேசுவதைப் பாராட்டினார். மூலையில் ஒருவர் தட்டச்சு இயந்திரத்துடன் இருந்தார்.

மருந்தடி நாளில் சனம் வெளியே வருவது வழக்கமா என்று அதிகாரி கேட்டார். ஓம் என்றேன். சாமான்களோடு வருவார்களா? ஓம். கோடரியும் இருக்குமா? இருக்கும். கத்தி? அதுவும். ஆம்பிளைகள் இவற்றைத் தூக்கிக்கொண்டு லொறியை நோக்கி ஓடிவருவார்களா?

"ஓம். ஏனெண்டால்" என்று நான் தொடங்கினேன்.

"நன்றி, மிஸ்" என்றார் அவர். "எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது."

தட்டச்சுச் சத்தம் நின்றது. காரணத்தைச் சொல்லவேண்டும் என்றேன். அதைத் தனியே எழுத்தில் அனுப்பலாம் என்றார். குளக்கட்டில் இருத்தி வைத்துச் சுட்டதைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்றேன். அங்கே நின்றீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? கண்டதைச் சொல்லவேண்டும், நினைத்ததைச் சொல்லக்கூடாது என்று பழகியவள் நான். அவர் மறுபடியும் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

முடிவு சிறிய அறிவித்தலாக வந்தது. கூட்டம் ஆயுதங்களுடன் வண்டியை நோக்கி ஓடிவந்தது என்பதை மலேரியாப் பகுதிப் பெண் உத்தியோகத்தர் ஒருவரே உறுதிப்படுத்தினாராம். படையினர் நல்லெண்ணத்துடன் கடமையைச் செய்தார்களாம். ஒருவன் மேலும் வழக்கில்லை. கட்டளையிட்ட அதிகாரியைக் கொழும்புக்கு மாற்றினார்கள். பிறகு அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததென்று பியசேன எங்கேயோ கேட்டு வந்து சொன்னார்.

இது என்னால் வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அப்படிச் சொல்லி என் மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். சுட்டவர்களுக்கும் அது வசதியாக இருக்கும். நான் சொன்னது உண்மை. அந்த உண்மையை எந்த இடத்தில் வெட்டினால் பொய்யாகும் என்று அறிந்த ஒருவர் அந்த இடத்தில் வெட்டினார்.

ஆனாலும் பாக்கியத்தின் முன்னால் போய் நின்றபோது இந்த நியாயமெல்லாம் எனக்கு உதவவில்லை. எரிந்த சுவரில் சாய்ந்து புதுக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தா. அறிவித்தலை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"மிஸி, எங்களுக்காச் சொல்லப் போனனீங்களோ, அவங்களுக்காச் சொல்லப் போனனீங்களோ?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு பின்னினா. முடிவில், "அப்ப மிச்சத்தை எப்ப சொல்லப்போறியள்?" என்றா.

டொக்டரிடம் மறுபடியும் போனேன். மிச்சத்தை எழுதி நீதிமன்றத்துக்குக் கொடுக்க உத்தரவு கேட்டேன். இந்த முறை அவர் தரவில்லை. விசாரணை முடிந்துவிட்டது, முடிந்த விசாரணைக்கு எதிராக அரசாங்க உத்தியோகத்தர் நீதிமன்றம் போவதென்றால் தன்னுடைய கதிரையும் போகும் என்றார். எனக்கு முன்னால் அவர் தலைகுனிந்தது அன்று ஒருநாள்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அதன்பிறகு வருடங்கள் போயின. நான் வேலை செய்தேன். கண்ணாடித் துண்டுகளில் நீல மோதிரங்கள் அருகி, மாதக்கணக்கில் ஒன்றையும் காணாமல் போகும் காலம் வந்தது. எங்கள் பகுதிக்குப் பாராட்டுக் கிடைத்தது. இலுப்பைமுறிப்புச் சனம் மட்டும் மருந்தடி நாளில் ஒரு சாமானையும் வெளியே எடுப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். எங்கள் ஆட்களே தட்டி, கெஞ்சி, உள்ளே போய்ப் பானை சட்டிகளைத் தூக்கிவந்தார்கள். கோடரிகளை யாரும் தொடவில்லை. நான் கூப்பிட்டால் எந்தச் சனம் வெளியே வரும் என்று கேட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இருந்திருந்தால் அவர் கேட்டது சரியென்று சொல்லியிருப்பேன்.

பாக்கியம் என்னோடு கதைப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவா. ஆனால் போகும்போதெல்லாம் அதே கேள்வி வந்தது. சில நாள் வாயால் கேட்பா. சில நாள் கேட்கமாட்டா.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பியசேனவிடம் பேசிப் பேசியே எனக்குச் சிங்களம் வரும். எழுதியிருந்தால் சித்தியடைந்திருப்பேன். எழுதினால் வேலையில் இருக்கலாம். வேலையில் இருக்கும்வரை வாய்திறக்க உத்தரவு வேண்டும். அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது.

அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "ஒரு தலைமுறைக்கு ஒராளெண்டு படிப்பிச்சு விட்டனான். இதை விட்டுட்டு என்னத்தைப் பிடிக்கப் போறாய் பிள்ளை?" என்றார். அவருடைய கைகளைப் பார்க்காமல் இருக்க நான் பாடுபட்டேன்.

டொக்டர் என் ஓய்வுக் கடிதத்தில் ஒப்பமிட்டார். "சோதினை எழுதினா நீர் பாஸ்" என்றார். "தெரியும், சேர்" என்றேன். பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இனி நான் உமக்கு உத்தரவு தரத் தேவையில்லை" என்றார். அந்த வாக்கியத்தை அவர் எவ்வளவு காலம் தனக்குள் வைத்திருந்தாரோ தெரியாது. நான் நன்றி சொல்லவில்லை.

வேலைவிட்ட கிழமையே பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே வழக்குப் பேசும் ஒரு பிறக்கிராசியாரிடம், சாதாரண ஆட்களே நீதவான் முன் வைக்கக்கூடிய தனிப்பட்ட முறைப்பாடொன்றை எழுதுவித்தோம். பாக்கியம் முறைப்பாட்டுக்காரி, நான் முதல் சாட்சி. மருந்தடி ஒழுங்கு, அதை நான் வைத்த காரணம், ஹோர்ன் அடித்தது, கோடரி வந்தது, விசாரணையில் என்னை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். குளக்கட்டில் நடந்ததை, வாய்க்காலுக்குள்ளிருந்து கண்ட பாக்கியம் சொன்னா. பிறக்கிராசியார் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினார். ஆம்பிளைகளை இருத்திய இடம் வந்ததும் பாக்கியம் கையை உயர்த்தி, இன்னொருமுறை வாசிக்கச் சொன்னா. வாசித்தார்.

"ஓம்" என்றா. "இருந்தவை. கையில ஒண்டும் இல்லை. அதுதான் நடந்தது."

பிறக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றினார். நேர்மையான மனிதர், ஒளிக்கவில்லை. நல்லெண்ணத்துடன் செய்த கடமை என்று சட்டம் அவர்களைக் காத்து நிற்கிறது என்றார். இது முதல் தவணையிலேயே தள்ளுபடியாகும் என்றார். படை ஆள் ஒருவனும் அந்தக் கூண்டில் ஏறமாட்டான். எனக்குப் பென்சனில் தொல்லை வரலாம், பாக்கியத்துக்கு வேறு தொல்லைகள் வரலாம். இரண்டு பேரும் வெளியே போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

வெளியே போகவில்லை. பாக்கியம் பேனாவை வாங்கினா. அவ எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை காத்திருந்து, கீழே நான் கையொப்பமிட்டேன்.